ஓலைக்கட்டு முதல் மின்னஞ்சல் வரை: மடல்களை வகுத்துவைத்த வரலாறு

மக்கள் வரலாற்றை மன்னரின் மெய்க்கீர்த்திகளில் மட்டும் தேடுவது போதாது. தந்தை மகனுக்கு எழுதிய கடிதத்திலும், கடல் கடந்து சென்ற தமையன் தங்கைக்கு எழுதிய நான்கு வரியிலும் ஒரு காலத்தின் உண்மை மறைந்து கிடக்கிறது. ஆயினும், எழுதப்பட்ட கடிதம் யாவும் வரலாறாகி விடுவதில்லை. அது காக்கப்படல் வேண்டும். காக்கப்பட்டது வகுக்கப்படல் வேண்டும். வகுக்கப்பட்டது வேண்டும்போது கைக்கு எட்டல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய இடங்களிலேயே கடிதம் சான்றாக நின்றிருக்கிறது.

இன்று நம்மவரின் கடிதம் பெரும்பாலும் மின்னஞ்சலாகி விட்டது. தபாற்காரரின் மணியோசைக்குக் காத்திருந்த வீடுகளில் இன்று கைத்தொலைபேசியின் ஓசை கேட்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினரின் மடல்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஒரே பெட்டியில் குவிகின்றன. குவிந்தவற்றை எப்படி வகுப்பது என்னும் வினா புதியது போலத் தோன்றும். அவ்வினாவுக்கு நம் முன்னோரும் பிறநாட்டாரும் பல காலங்களில் விடை கண்டுள்ளனர். அவ்விடைகளை முதலில் நோக்கி, பின் நம் பரந்தன் போன்ற ஊர்களுக்கு அவை எவ்வாறு பயன்படும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மரபில் வகுத்தல்

சைவ மக்கள் நாள்தோறும் ஓதும் தேவாரமே வகுத்தற் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தில்லையில் மூவர் கையிலச்சினையுடன் பூட்டிக் கிடந்த அறையில், செல்லரித்த ஏடுகளினின்றும் எஞ்சியவற்றை இராசராச சோழன் மீட்டான் என்பதும், நம்பியாண்டார் நம்பி அவற்றைத் திருமுறைகளாக வகுத்தார் என்பதும் திருமுறை கண்ட வரலாறு கூறும் செய்தி. மீட்டதோடு பணி முடிந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஓர் ஏட்டுக் குவியலே. சம்பந்தர் பாடல்கள் முதல் மூன்று திருமுறைகள், நாவுக்கரசர் பாடல்கள் அடுத்த மூன்று, சுந்தரர் பாடல்கள் ஏழாவது என ஆசிரியர் வாரியாகப் பிரித்து, அவற்றுள்ளும் பண் வாரியாக அடுக்கியதனாலேயே ஓதுவார் நாவில் அவை நிலைபெற்றன.

இவ்வடுக்கு முறைக்குப் பண்முறை என்று பெயர். பிற்காலத்தில் தலமுறை என்னும் மற்றோர் அடுக்கும் வழங்கலாயிற்று. அதில் ஒரு தலத்துக்கு உரிய பதிகங்கள் யாவும் ஒரே இடத்தில் நிற்கும். நம் நாட்டுத் திருக்கேதீச்சரத்தைப் பாருங்கள். சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. சுந்தரர் பாடியது ஏழாந் திருமுறையில் உள்ளது. பண்முறை நூலில் இவ்விரண்டும் வெகுதூரம் பிரிந்து கிடக்கும். தலமுறை நூலில் ஈழநாட்டுத் தலங்கள் என்னும் தலைப்பின்கீழ் அருகருகே நின்று, திருக்கோணமலைப் பதிகத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்ளும். பாடல் ஒன்றே, தேடுவோன் நோக்கத்துக்கு ஏற்ப அடுக்கு இரண்டு. இசை பயில்வோனுக்குப் பண்முறை உதவும். தலயாத்திரை செல்வோனுக்குத் தலமுறை உதவும். இக்கருத்தை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்குப் பெரிதும் வேண்டப்படும்.

சங்க நூல்களைத் தொகுத்த சான்றோர் இக்கலையில் இன்னும் நுட்பம் காட்டினர். குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12 அடி, அகநானூற்றுக்கு 13 முதல் 31 அடி என அளவினாலே நூல்களைப் பிரித்தனர். அகநானூற்றில் பாட்டின் எண்ணைக் கொண்டே அதன் திணையைச் சொல்லிவிடலாம். ஒற்றைப்பட்ட எண்கள் யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். ஏட்டைப் புரட்டாமலே பொருளை அறியும் இவ்வேற்பாடு எண்ணுந்தோறும் வியப்பைத் தருவதாகும்.

புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் நிற்கும் குறிப்புகளையும் நோக்குக. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை யாது, துறை யாது என்பன அங்கே சொல்லப்படுகின்றன. பாட்டு முழுவதும் கிடைத்தும் இக்குறிப்பு மட்டும் சிதைந்து போன இடங்களில், பாடியவர் இன்னார் எனத் துணிய முடியாது அறிஞர் இடர்ப்படுகின்றனர். எழுத்தினும் எழுத்தைப் பற்றிய குறிப்பு சிலவேளைகளில் அருமையுடையதாகிறது. இன்றைய மின்னஞ்சலின் தலைப்பகுதியில் நிற்கும் அனுப்புநர், பெறுநர், திகதி, பொருள் என்பவற்றுக்கும் இப்பழைய குறிப்புகளுக்கும் நோக்கம் ஒன்றே.

பொருள் வரிசையும் எழுத்து வரிசையும்

நம் பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வாரியாகத் தொகுத்தன. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் எனப் பகுதிகள் அமைந்தன. நிகண்டை மனப்பாடம் செய்தவனுக்கு அது கையிலுள்ள விளக்கு. மனப்பாடம் இல்லாதவனுக்கோ, ஒரு சொல்லைத் தேடி எடுப்பது பெரும்பாடு. வீரமாமுனிவர் 1732 இல் சதுரகராதியை இயற்றியபோது எழுத்து வரிசை தலைமை பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1842 இல் வெளிவந்த அகராதியும் அவ்வழியே சென்றது.

பொருள் வரிசை, பொருளை முன்னரே அறிந்தவனுக்கு உதவுவது. எழுத்து வரிசை, பெயரை மட்டும் அறிந்தவனுக்கு உதவுவது. மூன்றாவதாகக் கால வரிசை ஒன்றுண்டு. இதனை மறந்தால் நேரும் விளைவை மிஷன் பாடசாலையிற் படித்தோர் நன்கு அறிவர். கிறித்தவரின் புதிய ஏற்பாட்டில் பவுலின் கடிதங்கள் எழுதப்பட்ட கால வரிசையில் இல்லை. சபைகளுக்கு எழுதியவை முன்னும் தனியாட்களுக்கு எழுதியவை பின்னுமாக, பெரும்பாலும் நீண்டது முதலிலும் குறுகியது இறுதியிலுமாக அவை அடுக்கப்பட்டன. முதலில் நிற்பது உரோமர் நிருபம். ஆனால் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபமே காலத்தால் முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கடிதங்களில் ஆண்டும் நாளும் குறிக்கப்படாமையால் அவற்றின் கால வரிசையை நிறுவ அறிஞர் இன்றும் உழைக்கின்றனர். திகதியிடாத கடிதம் பிற்காலத்தாருக்கு எத்துணைத் தொல்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆட்சியாளர் வைத்த கட்டுகள்

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வணிகத்தில் எத்துணைக் கருத்துடையவரோ அத்துணைக் கருத்தைக் கடிதங்களிலும் செலுத்தினர். அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனியின் கீழைத்தேய நிலையங்களிலிருந்து சென்ற கடிதங்களும் பத்திரங்களும் ஆண்டு வாரியாகக் கட்டப்பட்டன. இன்று அவை ஹேக் நகரிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. கும்பனியின் சுவடித் தொகுதிகளை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்த நிருவாகத்தின் 1640 முதல் 1796 வரையான பத்திரங்கள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் உள்ளன. யூரியான்சே என்னும் அம்மையார் அவற்றுக்கு ஆக்கிய விளக்கப் பட்டியல் 1943 இல் வெளிவந்தது. பட்டியல் இல்லாத சுவடிக்கூடம், திறப்புத் தொலைந்த பெட்டகம் போன்றது.

பின்வந்த ஆங்கிலேயரும் இவ்வொழுக்கத்தைக் கைக்கொண்டனர். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கைநூல் 1895 இல் வெளிவந்தது. வன்னியின் குளங்களையும் குடிகளையும் வழக்கங்களையும் அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர். கச்சேரிகளில் முறையாக வைக்கப்பட்ட பழைய எழுத்துகள் இல்லாதிருப்பின் அத்தகைய நூல் ஆக்குவது அரிது.

1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலிருந்தும் தெல்லிப்பழையிலிருந்தும் பொஸ்ரன் நகரிலுள்ள தம் தலைமையகத்துக்கு இடைவிடாது கடிதம் எழுதினர். அவை நாடு வாரியாகவும் கால வாரியாகவும் தொகுக்கப்பட்டு, இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூற்றன் நூலகத்தில் உள்ளன. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கடிதங்களை விட்டுவிட முடியாது. ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. மிஷனார் நம்மைப்பற்றி எழுதியவை பொஸ்ரனிற் காக்கப்பட்டன. நம்மவர் தம்மைப்பற்றி எழுதியவற்றுட் பல நம் வீட்டுப் பரண்களிலே கறையானுக்கு இரையாயின. வகுத்து வைத்தவன் பக்கமே வரலாறு சாய்ந்து நிற்கும்.

ஒரு தமிழறிஞரின் கடிதப் பெட்டி

நம்மவருள் இவ்வொழுக்கத்தில் தலைசிறந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அப்பெரியார், தமக்கு வந்த கடிதங்களையும் போற்றி வைத்தார். அவை அவர் பெயரால் 1943 இல் சென்னையில் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் உள்ளன. 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்த கடிதங்கள் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியால் பதிப்பிக்கப்பட்டு, ‘கடிதக் கருவூலம்’ என்னும் பெயரோடு வெளிவந்துள்ளன.

நம் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் (1832–1901) ஐயருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. 1887 இல் ஐயர் சீவக சிந்தாமணியையும் பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றினர். ஒரே ஆண்டில் இரு பெருநூல்கள் வெளிவந்த அக்காலத்தில், ஏடு யாரிடம் உண்டு, அச்சுக்கூலி யார் தருவார், பிழை எங்கே நேர்ந்தது என்பவற்றைக் கடிதங்களே சுமந்து சென்றன. அச்சேறிய நூல், பதிப்பின் முடிவைக் காட்டும்; அதற்குப் பின்னிருந்த உழைப்பைக் கடிதம் காட்டும். ஐயர் அவற்றைக் கிழித்தெறிந்திருந்தால், தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒரு பகுதி இருண்டு போயிருக்கும்.

மின்னஞ்சலும் அதன் குவியலும்

1965 அளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், ஒரே பெருங்கணினியைப் பயன்படுத்துவோர் தமக்குள் செய்தி விட்டுச் செல்ல வழி செய்யப்பட்டது. 1971 இல் றே ரொம்லின்சன் என்பவர், ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்த குறியே இன்று முகவரிகளின் நடுவே நிற்பது.

மடல் பிறந்த மறு ஆண்டே வகுத்தலின் தேவையும் பிறந்துவிட்டது. அக்கால நிகழ்ச்சி மடல்களை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். இடையிலுள்ள ஒன்றைத் தனியே எடுக்க வழியில்லை. அவ்வாராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீபன் லூக்காசிக் தம் மடல்களைச் சேமித்து வைக்கும் பழக்கம் உடையவர். குவியலைக் கண்டு அவர் முறையிட, லோரன்ஸ் றொபேட்ஸ் என்பவர் 1972 இல் ஒரு சிறு நிகழ்ச்சி எழுதினார். மடல்களின் பட்டியலைக் காட்டுதல், வேண்டியதைத் தேர்தல், கோப்பில் இடுதல் ஆகியவற்றை அது செய்தது. 1975 இல் ஜோன் விற்றல் ஆக்கிய நிகழ்ச்சியில் வந்த மடலுக்கு அப்படியே பதில் எழுதும் வசதியும் சேர்ந்தது. இன்று நாம் காணும் மின்னஞ்சற் பெட்டி யாவும் இவற்றின் வழிவந்தவையே.

ஆயினும், கணினி வகுக்க வேண்டுமானால் மடலின் தலைப்பு எங்கும் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். 1977 இலும் பின் 1982 இலும் அதற்கான நியமங்கள் வகுக்கப்பட்டன. அனுப்புநர், பெறுநர், திகதி, பொருள் என்பவற்றோடு, மடலுக்கு மடல் வேறுபடும் தனி அடையாள எண்ணும், எந்த மடலுக்குப் பதில் என்பதைக் காட்டும் குறிப்பும் அதில் இடம்பெற்றன. இப்பின்னைய குறிப்பினாலேயே தாய்மடலும் அதன் கிளைகளும் ஒரு கோவையாக நம் கண்முன் நிற்கின்றன.

அடுத்து எழுந்தது கோப்புறையா, குறிப்பா என்னும் வினா. கோப்புறை முறையில் ஒரு மடல் ஒரு பெட்டியிலேயே கிடக்கும். காணியைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் ஒரே மடலில் பெரியப்பா எழுதினால், அதனை எங்கே இடுவது? 2004 இல் கூகிள் நிறுவனம் தொடங்கிய மின்னஞ்சற் சேவை, கோப்புறைக்குப் பதிலாகக் குறிச்சீட்டு முறையைக் கொண்டது. ஒரு மடலுக்கு எத்தனை குறிச்சீட்டும் ஒட்டலாம். பண்முறையும் தலமுறையும் ஒருங்கே வேண்டும் என்ற நம் முன்னோரின் விருப்பத்தைக் கணினி இவ்வாறு எளிதாக்கிற்று.

தமிழ் எழுத்தால் வந்த இடர்

ஆங்கில மடலுக்கு இல்லாத ஓர் இடர் தமிழ் மடலுக்கு நேர்ந்தது. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை வைத்திருந்தது. நம் நாட்டில் பரவிய பாமினி எழுத்துருவில் எழுதிய மடலை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். எழுதியவருக்கு அம்மா, கணினிக்கோ அது அரைப்புள்ளி கலந்த சில ஆங்கில எழுத்துகள். அத்தகைய மடற்குவியலில் ‘அம்மா’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிகோட் நியமம் பரவியபின் இக்குழப்பம் புதிய மடல்களில் நீங்கிற்று. பழைய மடல்களை மாற்றுவதற்குச் சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் போன்ற எழுத்துருமாற்றிகள் துணைசெய்கின்றன.

யூனிகோட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் எண் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதியில் வருவன. ஆகவே, கணினியை அதன் போக்கில் விட்டுப் பெயர்களை அடுக்கச் செய்தால் அகராதி வரிசை பிறழும். தமிழ் வரிசையை அறிந்த அடுக்கு விதியைத் தேர்ந்துகொடுத்தால் மட்டுமே பட்டியல் சரியாகும். வீரமாமுனிவர் கண்ட ஒழுங்கைக் கணினிக்கும் நாமே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரும் இழந்த எழுத்தும்

இவற்றையெல்லாம் பரந்தனில் இருந்து ஏன் எழுத வேண்டும் என்று யாரேனும் வினவலாம். கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இச்சந்தி, வந்தவரையும் போனவரையும் நெடுங்காலம் கண்டது. இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டிக் கழனி கண்ட குடும்பங்களும், இரசாயனத் தொழிற்சாலையில் உழைத்த குடும்பங்களும் இங்கே வாழ்ந்தன. காணி உறுதிகள், பாடசாலைச் சான்றிதழ்கள், வெளிநாட்டுத் தபால்கள் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் வைத்துப் போற்றாத வீடு இல்லை.

1996 இல் ஓர் இடப்பெயர்வு. மீண்டும் 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் மற்றோர் இடப்பெயர்வு. முதலில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய தகரப் பெட்டி, பின்னர் துவிச்சக்கர வண்டிக்கு வந்து, ஈற்றில் கைப்பையாகச் சுருங்கிற்று. உயிரைக் காப்பதா, கடிதத்தைக் காப்பதா என்னும் நிலையில் எவரும் கடிதத்தைத் தேர முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அதற்காக உலகம் இரங்கிற்று. வன்னியின் தகரப் பெட்டிகளில் அழிந்தவற்றுக்கு ஒரு கணக்கும் இல்லை.

இங்கே அழிந்த கடிதங்களுக்கு வந்த பதில்களும், பின்னர் எழுதப்பட்ட மின்னஞ்சல்களும் கடலுக்கு அப்பால் நம் உறவினரின் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. யார் எந்நாளில் எங்கிருந்தார், எந்தப் பாடசாலையில் தங்கினார், எப்போது இறுதியாகச் செய்தி கிடைத்தது என்பன அவற்றில் உள்ளன. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அத்தகைய இடங்களுக்கு முறையிடச் செல்லும் தாய்மாரிடம் முதலிற் கேட்கப்படும் வினாக்கள் திகதியும் இடமுமே. அவ்வினாவுக்கு ஒரு மடல் விடையளிக்குமாயின், அதனைக் குவியலிலிருந்து எடுக்க முடியாமற் போவது சிறு குறையன்று.

மடல்கள் தாமே நிலைத்திருக்கும் என்று நம்பவும் இயலாது. இரண்டாண்டுக்கு மேல் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை அழிக்கும் விதியை கூகிள் 2023 இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கணக்குக்கு உரியவர் இறந்து, கடவுச்சொல்லும் அவரோடு மறைந்தால், அம்மடல்கள் கறையான் இல்லாமலே அழிந்துபோகும்.

தரவுத்தளத்தில் வைக்கும் முறை

இதற்கு ஒரு வழி, மடல்களைப் பெட்டியிலிருந்து இறக்கி நம் சொந்தக் கணினியில் ஒரு தரவுத்தளத்தில் வைப்பதாகும். தகவலைத் தொடர்புபட்ட அட்டவணைகளாக வைக்கும் கொள்கையை எட்கர் கொட் 1970 இல் வெளியிட்டார். இன்று மைக்ரோசொப்ற் அக்செஸ் (1992), எஸ்கியூலைற் (2000) முதலிய மென்பொருள்கள் அக்கொள்கையைத் தனிமனிதனின் மேசைக்குக் கொண்டுவந்துள்ளன. கூகிளின் ரேக்அவுட் என்னும் வசதி பெட்டியிலுள்ள மடல்கள் யாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கித் தருகிறது. அக்கோப்பை மூலமாக அப்படியே வைத்து, அதன் பிரதியிலிருந்தே வேலை செய்தல் வேண்டும். ஏட்டைத் திருத்தி எழுதினால் மூலபாடம் போய்விடும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

அட்டவணை நான்கு போதும். முதலாவது மடல்: அடையாள எண், திகதி, பொருள், மடலின் உடல் என்பன அதில் இருக்கும். இரண்டாவது ஆட்கள்: ஒருவருக்கு மூன்று முகவரிகள் இருப்பினும் ஆள் ஒருவரே என்பதை இவ்வட்டவணை நிலைநாட்டும். ‘சின்னமாமா’ என்று ஒரு மடலிலும், முழுப்பெயரால் மற்றொரு மடலிலும் குறிக்கப்பட்டவர் ஒருவரே என்பதை முதியோரைக் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும். மூன்றாவது இடங்கள், நான்காவது பொருட்குறிகள். காணி, கல்வி, நோய், கலியாணம், இடப்பெயர்வு என்பன போன்ற பத்துப் பன்னிரண்டு குறிகள் போதும். ஐம்பது குறி வைத்தவன் ஒன்றையும் ஒழுங்காக ஒட்டமாட்டான். ஒரு மடலுக்குப் பல ஆட்களும் பல குறிகளும் உரியவாதலின், அவற்றை இணைக்கும் சிறு அட்டவணைகள் இடையே வேண்டும். இவை அமைந்தபின், ஒரே மடற்றொகுதியை ஆள் வாரியாகவும், ஊர் வாரியாகவும், கால வாரியாகவும் நொடியில் அடுக்கலாம். பண்முறையும் தலமுறையும் ஒரே ஏட்டில் கிடைப்பது போன்றது இது.

திகதி விடயத்தில் பெருங்கவனம் வேண்டும். 03-04-2009 என்று எழுதினால் நம்மவருக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் 2009-04-03 என எழுதுவதே நன்று. அவ்வாறு எழுதினால் கணினியும் காலவரிசை பிறழாமல் அடுக்கும். ரொறன்ரோவில் இரவு 9 மணிக்கு எழுதிய மடல் இங்கே மறுநாட் காலையின் திகதியோடு வந்துசேரும். மேலும், இலங்கையின் நியம நேரம் 1996 இல் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலிலே பழைய நிலைக்குத் திரும்பிற்று. அவ்விடைக்காலத்தில் அரச நேரம் ஒன்றாகவும் வன்னியில் வழங்கிய நேரம் மற்றொன்றாகவும் இருந்தமை முதியோருக்கு நினைவிருக்கும். அக்கால மடல்களில் நேர வலயக் குறிப்பை அழிக்காது அப்படியே காத்தல் வேண்டும்.

படங்களையும் இணைப்புகளையும் மடலினின்று பிரித்து எங்கோ வைத்தல் ஆகாது. மடலின்றிப் படம் பெயரறியாப் படமாகிவிடும். முழுத்தொகுதிக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்ததன் பயனை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். கடிதம் எழுதியவர் நம்பி எழுதினார். ஒருவரின் வறுமையும் நோயும் குடும்ப மனத்தாங்கலும் அதில் இருக்கும். எழுதியவர் உயிரோடிருப்பின் அவர் ஒப்புதலும், இறந்திருப்பின் அவர் குடும்பத்தாரின் ஒப்புதலும் பெறாமல் அதனைப் பிறர் கண்ணுக்குக் காட்டுதல் முறையன்று. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய, தரவுத்தளத்தில் ஒவ்வொரு மடலுக்கும் ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்றோ ‘யாவர்க்கும்’ என்றோ ஒரு குறி இடுதல் நலம்.

முடிவுரை

1998 பொங்கலன்று கலாநிதி கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் சிதறியிருந்த தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியே கூடித் தமிழ் நூல்களைத் தட்டெழுதிக் காத்த முயற்சியாகும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஆயிரக்கணக்கில் காத்து வருகிறது. இவை அச்சேறியவற்றுக்கு அமைந்த காவல். அச்சேறாத குடும்ப எழுத்துக்குக் காவல், அவ்வக் குடும்பமே.

இளைஞர்களே! கணினியறிவு உங்களிடம் உண்டு. யார் யாருக்கு என்ன உறவு என்னும் அறிவு முதியோரிடம் உண்டு. ஒன்று மற்றொன்றின்றிப் பயன்படாது. விடுமுறை நாட்களில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பாட்டியாரை அருகே இருத்தி, மடல்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, ஆளையும் ஊரையும் நாளையும் கேட்டெழுதுங்கள். பெரியோர்களே! கடவுச்சொல்லை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். தகரப் பெட்டியின் திறப்பை முன்னர் ஒப்படைத்தீர்கள் அல்லவா, அதுபோலவே இதுவும்.

நம்பியாண்டார் நம்பிக்கு ஏடுகளில் எஞ்சியவை மட்டுமே கிடைத்தன. அவர் அழிந்தவற்றுக்கு அழுதுகொண்டிராமல், எஞ்சியவற்றை வகுத்தார். நமக்கும் எஞ்சியவை சில உண்டு. அவற்றை வகுக்கும் பணி இந்த ஆண்டிலேயே நம் சங்கத்து அங்கத்தவர் வீடுகளில் தொடங்குவதாக.